பத்துப் பேர் மிதிக்கிற வண்டி மட்டக்களப்பில் ஓடுமா?

வெளிநாட்டில் ஒரு கலியாணம் நெருங்கினால், மாப்பிள்ளையின் கூட்டாளிமார் எடுத்து அனுப்புகிற வீடியோக்களில் இப்போதெல்லாம் ஒரு விசித்திரமான வண்டி தென்படுகிறது. கூரை போட்ட நீளமான தட்டு. நடுவில் மேசை. மேசையின் இரு பக்கமும் உயரமான சீற்றுகளில் ஐந்தைந்து பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி. மேசைக்கு மேலே கையில் பியர் கிளாஸ், மேசைக்குக் கீழே கால்கள் பெடலில். பாட்டு அலற, வண்டி நடந்து போகிறவனை மெல்ல முந்துகிறது. கூடவே ஒரு வரியும் வரும்: "மச்சான், இதில ஒண்ட நம்மட ஊர்ல விட்டா எப்படி இருக்கும்?"

கேட்பவன் பகிடிக்குத்தான் கேட்கிறான். பதிலும் பகிடியாகவே போகும். பொலிஸ், பொஞ்சாதி, கோயில் தலைவர் என்று மூன்று பேரைச் சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் கேள்வியை நேராக எடுத்துப் பார்த்தால் எதிர்பாராத இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, இந்த வண்டியின் பொறிமுறைக்கு மட்டக்களப்பைப் போலத் தோதான ஊர் அரிது. மற்றது, இது ஓடிய நகரங்களில் இதற்கு வந்த பெரிய வில்லங்கம் குடியால் மட்டும் வந்ததல்ல. இது வாகனமா, அல்லது வீதியில் நகருகிற ஒரு கொண்டாட்டமா என்பதுதான் வழக்காகி நீதிமன்றம் வரை போனது.

வண்டி பிறந்த கதையிலேயே அந்த வில்லங்கத்தின் வேர் இருக்கிறது. 1997இல் நெதர்லாந்தில் ஹென்க், ஸ்வியர் வான் லார் என்ற இரண்டு சகோதரர்கள் இதை முதன்முதலில் செய்தார்கள். உள்ளூர் மதுச்சாலைக்காரர் ஒருவருக்கு ஊர்வலமொன்றில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏதாவது கொண்டுபோக வேண்டியிருந்தது. மதுச்சாலையையே சில்லில் ஏற்றினால் என்ன என்ற யோசனையில் வந்த வண்டி இது. ஊர்வலத்துக்கென்றே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்வலம் என்றால் வீதி அடைத்திருக்கும், எதிரே பஸ் வராது, பார்க்க வந்தவர்கள் சத்தத்தை எதிர்பார்த்தே வந்திருப்பார்கள். ஒரு நாள் கூத்துக்குச் செய்ததைப் பிறகு வாடகைக்கு விட்டார்கள். வாரக் கடைசியில் ஓடியது, அப்புறம் தினமும் ஓடியது. 2007இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்துக்கும் வந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பரவியது. கல்யாணத்துக்கு முந்திய கூட்டாளிமார் கொண்டாட்டம், கந்தோர் ஆட்களின் ஒன்றுகூடல், பிறந்தநாள் என்று ஏறுகிறவர்களும் பெருகினார்கள். ஊர்வல வண்டி அன்றாட வீதிக்கு வந்தால் என்ன ஆகும் என்று முதலில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

(ஒல்லாந்தருக்கும் நமக்கும் பழைய பழக்கம்தான். 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கப்பலில் வந்து இறங்கியது மட்டக்களப்புக் கரையில். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்ததும் அவர்களே. அவர்கள் நாட்டுச் சாமான் ஒன்று மறுபடி இங்கே வந்தால் அதிசயப்பட ஒன்றுமில்லை.)

வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். சாதாரண சைக்கிளில் நாம் போகிற திசையைப் பார்த்து மிதிக்கிறோம். இதில் ஆட்கள் பக்கவாட்டில், மேசையைப் பார்த்து இருக்கிறார்கள். அதனால் பெடலின் அச்சு வண்டியின் நீளத்துக்குச் சமாந்தரமாகப் போகிறது. ஒவ்வொரு சீற்றின் கீழும் உள்ள செயின், மேசைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தண்டைச் சுற்ற வைக்கிறது. அந்தத் தண்டு லொறியில் இருப்பது போலப் பின்பக்கம் போய், டிஃபரன்ஷியல் வழியாகச் சில்லைச் சுற்றுகிறது. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எதிரெதிரே இருக்கிற இரண்டு பேரும் முன்னோக்கி மிதித்தால், தண்டின் கணக்கில் ஒருவர் வலப்பக்கம் சுற்றுகிறார், மற்றவர் இடப்பக்கம் சுற்றுகிறார். அப்படியே விட்டால் ஒரு கரையின் உழைப்பை மறுகரை அழித்துவிடும். ஆகவே ஒரு பக்கத்தின் சுற்றை எங்கேயாவது பல்சில்லு வைத்துத் திருப்பிவிட வேண்டும். நமது ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் படம் வரைந்து காட்டினால் அவர் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான் இருக்கும்.

ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி ஃப்ரீவீலும் உண்டு. ஒருவர் காலை எடுத்துவிட்டால் மற்றவர்களின் மிதிப்பு அவர் காலை இழுக்காது. இதனால் மிதிக்காமல் மிதிக்கிற மாதிரிக் காட்டுகிறவனைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அப்படி ஒருவன் இல்லாத கூட்டம் எங்கே இருக்கிறது? பின்னால் ஒரு நீள வாங்கும் போட்டிருப்பார்கள். கால் ஏலாதவர்களும் சேலை கட்டியவர்களும் அதில் இருந்துகொண்டு மற்றவர்களை ஏவலாம். ஸ்டியரிங்கும் பிரேக்கும் முன்னால் தனியே இருக்கிற ஓட்டுநரிடம் மட்டும். அவர் மிதிப்பதில்லை, குடிக்கவும் கூடாது. கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவருடைய வேலை. முழுச் சம்பளத்துக்கும் அவர் ஒருவரே தகுதியானவர்.

இனி வலுக் கணக்கு. பயிற்சியில்லாத ஒரு வளர்ந்த ஆள் ஒரு மணித்தியாலம் சோர்ந்து விழாமல் மிதித்தால் ஏறத்தாழ 75 வாட் வலு தரலாம். பத்துப் பேர் சேர்ந்தால் 750 வாட், அதாவது ஏறத்தாழ ஒரு குதிரைவலு. ஒரு திரீவீலர் எஞ்சினின் வலுவில் இது பத்திலொன்றை ஒட்டித்தான் வரும். வண்டியின் பாரம் 700 கிலோ என்றும், 15 பேர் ஏறுகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால் மொத்தம் 1,700 கிலோ. மட்டமான தார் வீதியில் இந்தப் பாரத்தை மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் உருட்டிக்கொண்டு போகச் சுமார் 550 வாட் வேண்டும். கையிருப்பு 750. ஆகவே கூட்டம் பாடிக்கொண்டே, இரண்டு பேர் ஏமாற்றினாலும், வண்டி போகும்.

வீதி கொஞ்சம் ஏறினால் போதும், இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். நூறு மீற்றருக்கு 3 மீற்றர் என்கிற சின்ன ஏற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை மூன்று மடங்காகிறது. அதே பத்துப் பேர் அதே மூச்சில் மிதித்தால் வேகம் மணிக்கு 3½ கிலோமீற்றருக்கு விழும். கண்டியில், பதுளையில், ஹற்றனில் இந்த வண்டி ஒரு சிலையாகத்தான் நிற்கும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கிடக்கிற நமது எழுவான்கரையில் கல்லடியிலிருந்து கல்முனை வரை போனாலும் சொல்லும்படியான மேடு ஒன்றும் வராது. ஏற்றம் என்றால் பாலத்துக்கு ஏறுகிற இடம் மட்டுந்தான். இந்த ஊரில் ஆணும் பெண்ணும் ஆசிரியரும் பள்ளிப் பிள்ளையும் சைக்கிளில் திரிந்ததற்கும் இந்த மட்டமே காரணம். 2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது கராஜின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த லுமாலா சைக்கிள்கள் ஒரே வாரத்தில் வீதிக்கு வந்ததும் இந்த மட்டத்தை நம்பித்தான்.

மேடு இல்லாத ஊரில் அந்த வேலையைக் காற்று செய்யும். பெட்டி மாதிரி அகன்ற உருவம், மேலே கூரை, நெஞ்சை நிமிர்த்தியபடி பதினைந்து பேர். மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று அடித்தாலே மேலும் 400 வாட் வரை தேவைப்படலாம். கூட்டத்தின் கையிருப்பு அதற்குப் போதாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வறட்டு வெக்கையோடு மேற்கிலிருந்து அடிக்கிற பகலில், வாவிக் கரையில் இதை மிதிக்க நினைப்பது வீண். வெக்கைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மனித உடம்பு நான்கு பங்கு சக்தியை எரித்தால் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி மூன்றும் சூடாகிறது. 75 வாட் மிதிக்கிறவர் 225 வாட் சூட்டை வியர்வையாக வெளியே தள்ள வேண்டும். நமது ஈரக் காற்றில் வியர்வை லேசில் காயாது. ஆகவே இந்த வண்டி இங்கே ஓடுவதானால் இரவில்தான். அதற்குக் கேளிக்கையை விட உடம்பே முதல் காரணம்.

மெதுவாகப் போவதை இந்த வண்டியின் குறையாகச் சிலர் சொல்வார்கள். அதுதான் இதன் காப்பு. உயரமான சீற்றில் பதினைந்து பேர் ஏறினால் பாரத்தின் நடுப்புள்ளி இடுப்புக்கு மேலே போய்விடுகிறது. வளைவில் ஆளை வெளியே தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. மணிக்கு 8 கிலோமீற்றரில் திரும்பினால் கிளாஸ்கூட ஆடாது. இறக்கத்தில் 20ஐத் தாண்டிய வேகத்தோடு கிறுகினால் கதை வேறு, அதிலும் கூட்டம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்து கத்தினால். 2022 யூலையில் அட்லாண்டா நகரத்தில் ஒரு வண்டி திருப்பத்தில் கவிழ்ந்து 15 பேர் காயப்பட்டார்கள். குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஓட்டுநரைப் பொலிஸ் பிடித்தது. பதினைந்து பேர் குடிக்கலாம், அந்த ஒருவர் மட்டும் கூடாது என்பதில்தான் இந்தத் தொழில் முழுவதும் நிற்கிறது. அந்த ஆணி கழன்றால் மற்றது எல்லாம் கழன்றுவிடும்.

வழக்குகளுக்கு வருவோம். ஜேர்மனியில் டுசெல்டோர்ப் நகரத்தில் இந்த வண்டி விஷயம் நீதிமன்றம் ஏறியது. நடத்துநர் தரப்பின் வாதம் எளிமையானது: சில்லு இருக்கிறது, பெடல் இருக்கிறது, வீதியில் போகிறது, ஆகவே இது சைக்கிள், சைக்கிளுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. 2011இல் மூன்ஸ்டர் மேல் நிருவாக நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2012 ஓகஸ்டில் லைப்சிக்கில் உள்ள கூட்டாட்சி நிருவாக நீதிமன்றமும் ஏற்கவில்லை. அவர்கள் பார்த்தது வண்டியின் அமைப்பை அல்ல, அதில் ஏறுகிறவர்களின் நோக்கத்தை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டும் என்று யாரும் இதில் ஏறுவதில்லை. கூடியிருந்து கொண்டாடத்தான் ஏறுகிறார்கள், வண்டி நகர்வது பக்கத்து விஷயம். ஆகவே இது பொதுப் போக்குவரத்துக்கான வீதிப் பாவனை அல்ல. வீதியை வேறு தேவைக்கு எடுப்பது போல இதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஊர்வலமாகப் பிறந்ததை ஊர்வலம் என்றே நீதிமன்றம் அடையாளம் கண்டிருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் நீதிமன்றம் வரை போன முறை வேறு. அங்கே பழைய நகரத்தின் கால்வாய்க்கரை வீதிகள் ஒடுக்கம். வண்டி போனால் பின்னால் சைக்கிள்களும் வான்களும் வரிசை கட்டும். கூச்சல், வீதியோரத்தில் சிறுநீர் கழித்தல், உல்லாசப் பயணிகளின் அட்டகாசம் என்று குடியிருப்பவர்கள் சலித்துப்போய் ஆறாயிரம் பேரளவில் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். 2017 ஒக்டோபர் கடைசியில் நீதிமன்றம் தடையை உறுதிப்படுத்த, நவம்பர் 1 முதல் நகர மையத்தில் வண்டி நின்றது. பிறந்த நாட்டின் தலைநகரிலேயே அதற்கு இடமில்லாமல் போனது. குடி அங்கே சட்டப்படி தாராளம். ஆனால் அந்த ஒடுங்கிய வீதியை இந்த வண்டியோடு பங்குபோட ஊர் தயாராயில்லை.

இனி நமது பக்கம். குடியோடு இந்த வண்டியை இங்கே விடலாமா என்று கேட்டால் பதில் நீளமாக வேண்டியதில்லை. மது விற்க மதுவரி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது ஒரு கட்டடத்துக்கு, ஓரிடத்துக்குக் கொடுக்கப்படுவது. சில்லில் நகருகிற மேசைக்குக் கொடுக்கிற பழக்கம் இங்கே இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பொது இடத்தில் குடிவெறியில் கலாட்டா செய்வது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். பௌர்ணமியான போயா நாளில் மதுக்கடை பூட்டு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாவிக்கரையில் சுற்ற வருடத்தில் மிக அழகான இரவுகள் பௌர்ணமி இரவுகள்தான். கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்திவிட்டுத் துடுப்பில் காது வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று சொல்கிற இரவும் அதுதான். சட்டப்படி மதுக்கடை பூட்டிக் கிடக்கிற இரவும் அதுதான்.

சட்டத்தை விடவும் கனமானது ஊரின் நினைவு. 2017இல் கல்குடாவில் எதனோல் தொழிற்சாலை வருகிறது என்றபோது மாவட்டமே கொதித்தது. சம்பளத்தில் பாதியைச் சாராயத்துக்கும் கசிப்புக்கும் விட்டுவிட்டு வருகிற வீடுகளை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொஞ்சாதிமாருக்கு முன்னால் பாட்டோடும் பல்போடும் குடியைச் சில்லில் ஏற்றிக் காட்டுவது எரிகிற புண்ணில் கை வைக்கிற வேலை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று முஸ்லிம் மக்கள் வாழ்கிற பக்கம் அப்படியொரு வண்டியை நினைத்தும் பார்க்க முடியாது.

ஆனால் பியரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மேசையில் மிச்சம் இருப்பதைப் பாருங்கள். முகத்துக்கு முகம் பார்த்த பத்துப் பேர். ஓட்டுநர் தனியே இருப்பதால் யாரும் வீதியைப் பார்க்க வேண்டியதில்லை. கால்கள் மெல்ல வேலை செய்ய, வாய்க்கு முழு விடுமுறை. மோட்டார் இல்லாததால், பாட்டை நிறுத்தினால் பக்கத்து வளவின் சில்வண்டு கூடக் கேட்கும். மேசையில் பிளேன்ரீ, இறால் வடை, ஒரு சரை கச்சான். குடியில்லாமல் இதற்கு யார் ஏறுவார்கள் என்று கேட்பவர்கள் மட்டக்களப்பின் இரவுகளை மறந்துவிட்டார்கள்.

நமது ஊருக்கு இரவுக் கொண்டாட்டம் புதிதல்ல. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் களரியில் விடியவிடிய ஆடப்பட்டன. பாயும் தலையணையும் கைக்குழந்தையுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இருந்து பார்த்தார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற கிழமையில், கடைசியாக வருகிற குளிர்த்திச் சடங்கு வரை, நடுச்சாமத்திலும் பெண்கள் கூட்டங்கூட்டமாக வீதியில் போய்வருகிறார்கள், ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொளுவிய கொம்புகளை மூச்சைப் பிடித்து இழுத்தது. வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டில் வைத்துக் கிண்டலடித்தது. உடம்பை வருத்தி, கூட்டமாக, பாட்டும் பகிடியுமாக விளையாடுவது இங்கே ஊறிப்போன விஷயம். சித்திரை விளையாட்டு விழாவில் கடைசியாக வருகிறவருக்குப் பரிசு கொடுக்கிற மெது சைக்கிள் ஓட்டத்தை ரசிக்கிற ஊருக்கு, மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தை ரசிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்றைய இரவு வேறு மாதிரி. சடங்கோ திருவிழாவோ இல்லாத சாதாரண சனிக்கிழமை இரவு ஆண்களுடையது. பொடியன்மார் மோட்டார் சைக்கிளில் கல்லடிக் கடற்கரைக்குப் போவார்கள், ஒரு கொத்துக்கடை, ஒரு சுற்று, நடுச்சாமத்தில் வீடு. அவர்களுடைய அக்காவும் தங்கச்சியும் பகலில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் ஊரை அளந்தவர்கள்தான். ஆனால் இரவு எட்டுக்குப் பிறகு "எங்க போறா? யாரோட போறா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டே படலையைத் தாண்ட வேண்டும். மேற்கு நாடுகளில் இந்த வண்டியில் மணப்பெண்ணும் தோழிமாரும் பெருமளவில் ஏறுவதற்கும் காரணம் இல்லாமலில்லை. கூட்டமாக, வெளிச்சத்தில், பொறுப்பான ஓட்டுநரோடு, யாரும் பிரிந்து போகாமல் இரவைப் பார்க்க முடிகிறது. நமது ஊரில் இந்த வண்டிக்கு உண்மையான தேவை இருக்கிறதென்றால் அது பொடியன்மாருக்கு இல்லை, அவர்களிடம் ஏற்கனவே இரவு இருக்கிறது. ஒரு பாடசாலையின் ஆசிரியைகள் பத்துப் பேர், தையல் வகுப்புப் பிள்ளைகள், கலியாணத்துக்கு முந்திய நாள் வெளியூரிலிருந்து வந்து நிற்கிற மச்சாள்மார்: ஏற வேண்டியவர்கள் இவர்கள். குடியில்லாத வண்டி என்றால் காத்தான்குடிக் குடும்பங்களும் பின்னால் நிற்கப் போவதில்லை. பின்னேரம் கடற்கரைக்குக் குடும்பமாகப் போய் இருக்கிற பழக்கம் அங்கே நன்றாகவே உண்டு.

எங்கே ஓட்டுவது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வருகிற ஏ4 வீதி கல்லடிக்குள்ளாலேயே போகிறது. இரவு பஸ்களும் மீன் லொறிகளும் பறக்கிற அந்த வீதியில், 2 மீற்றருக்கு மேல் அகலமான வண்டியை நடை வேகத்தில் விடுவது ஆட்களைக் கொல்லுகிற வேலை. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தைப் பலரும் கற்பனை செய்வார்கள். 2013இல் புதிய பாலம் வந்தபிறகு கனரக வாகனங்களின் தொல்லை அதற்கு இல்லை. வாவிக் காற்றும் அங்கே நன்றாக வரும். ஆனால் நூறு வயதான இரும்பில் ஒன்றே முக்கால் தொன்னையும் பதினைந்து பேரின் ஆட்டத்தையும் ஏற்றலாமா என்பதைப் பொறியியலாளர் சொல்ல வேண்டும், ஆசை சொல்லக்கூடாது. பாலத்தை விட்டுவிட்டாலும் இடம் உண்டு. கல்லடிக் கடற்கரைப் பக்கத்து உள்வீதிகள், காந்தி பூங்காவிலிருந்து கோட்டையைச் சுற்றிய வாவிக்கரை, பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் என்று சின்னச் சின்ன வட்டங்களாகப் போட்டுக்கொள்ளலாம்.

அம்பாறைப் பக்கம் என்றால் அறுகம்பைதான் எல்லார் மனதிலும் வரும். சித்திரைக்குப் பிறகு ஐப்பசி வரை அலைச்சறுக்கு ஆட்கள் நிறைந்திருப்பார்கள். ஆசையோடு முதலில் காசைப் போடுகிறவரும் அங்கேதான் போடுவார். எனக்கு அது பிழையான இடமாகவே தோன்றுகிறது. கடைகளும் திரீவீலரும் நடந்து திரிகிறவர்களும் நெருக்கியடிக்கிற ஒரே வீதி. குடிக்க வருகிற வெளியாரும் குடிக்காத ஊராரும் ஏற்கனவே முகஞ்சுளித்தபடி பங்குபோடுகிற வீதி. ஆம்ஸ்டர்டாமின் கதை இலங்கையில் திரும்ப நடக்க வேண்டுமென்றால் அதற்கு அறுகம்பை மிகப் பொருத்தம். பாணமைப் பக்கம் நீட்டலாமென்றால் இரவில் அந்த வீதியில் யானைக்கு முதலிடம். மணிக்கு 8 கிலோமீற்றரில் யானையைத் தவிர்க்க முடியாது.

அப்படியானால் அனுமதி? ஜேர்மன் நீதிமன்றம் சொன்னதை நாமும் எடுத்துக்கொண்டால் வேலை இலகு. இதை வாகனமாகக் காட்டி, தினமும் ஓடுகிற உரிமை கேட்டால் நூறு தடை வரும். சின்ன மின்மோட்டார் ஒன்றை உதவிக்குப் பூட்டிவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் தொல்லையும் வந்து சேரும். ஊர்வலம் என்று வைத்துக்கொண்டால் வழி ஏற்கனவே போட்டிருக்கிறது. தேருக்கு, பாடசாலை நடைபவனிக்கு, பெரஹராவுக்கு வீதி அடைத்துப் பழகியவர்கள் நாம். மாநகர சபையிடம் குறித்த நாளுக்கு அனுமதி, பொலிசுக்கு முன்னறிவித்தல், மாதத்தில் ஒன்றிரண்டு இரவு, அடைத்த வட்டம், மற்ற நாளில் வண்டி கொட்டகையில். பாட்டுப் போட்டாலும் இரவு 10க்கு நிறுத்த வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு 2007இல் உயர் நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடு இதற்கும்தான். நவம்பர் முதல் தை வரை மாரி மழையில் வீதியே வாவியாகிவிடும், ஆகவே மாசிக்குப் பிறகு தொடங்குவது புத்தி.

செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வண்டியையே அல்ல, கழிப்பிடத்தை. ஆம்ஸ்டர்டாம்காரரின் மனுவில் வந்த முறைப்பாடுகளில் அதுவும் ஒன்று. ஆண்கள் என்றால் மதிலைத் தேடுவார்கள், அதுவே ஊரைக் கோபப்படுத்தும். பெண்கள் என்றால் போகுமுன்பே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், இரண்டாம் தடவை ஏறமாட்டார்கள். வட்டத்தில் பாதித் தூரத்தில் பூட்டுப் போட்ட, லைற் எரிகிற, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பிடம், இரவு 10 வரை திறந்திருக்க ஆள் வைத்து. அதற்குச் சம்மதிக்கிற கடையோ மண்டபமோ எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றித்தான் பாதையைக் கீற வேண்டும்.